வலி நூலகம்

நான்காவது முறையும் கணினியில் நிரல் தொகுப்பு பிழையில்லாமல் முடிந்தது. நான்காவது முறையும் சுடலையாண்டிக்கு வலிக்கவில்லை. பேச்சிக்கனி புருஷன் முதுகில் ஊசியை ஆழமாகவே இறக்கிப் பார்த்தாள். அவன் பீடி குடித்துக்கொண்டிருந்தான்.

குவாரியில் கல் சுமக்கிற எல்லார் முதுகிலும், பேச்சிக்கனி முதுகிலும், கம்பெனி பதித்த எஃகுத்தண்டு உண்டு. மூன்று ஆள் கல்லை ஒரு ஆள் தூக்கலாம். வலி மட்டும் மூளைக்குப் போகாது. போன மாதம் இரண்டு பேர் சிரித்துப் பேசிக்கொண்டே முதுகு முறிந்து செத்தார்கள். அதன்பிறகுதான் சங்கத்தார் தண்டின் மூலநிரலைத் தேடிப்பிடித்து, பன்னிரண்டு படித்தவள் என்று இவளிடம் கொடுத்தார்கள். வலியை மூளைக்கு அனுப்பும் நிரல்கள் அடங்கிய வலி நூலகத்தைச் சேர்த்துத் தொகுத்து, தண்டில் ஏற்றினால் வலி தெரியும்; தெரிந்தால் கல்லை இறக்கிவிடலாம்.

சட்டையைக் கழற்றிக்கொண்டு இன்னும் பதினோரு பேர் காத்திருந்தார்கள். "எக்கா, வலிய வாங்க வரிசையில நிக்கிறது ஒலகத்துலயே நாமதான்" என்றான் முப்பிடாதி.

அவள் சூழல் மாறிகளை வரிசையாக அச்சிட்டுப் பார்த்தாள். நூலகங்களை எங்கே தேடுவது என்று சொல்லும் பாதை மாறியில், கம்பெனி தன் கோப்புகளைப் போட்டுவைத்திருந்த அடைவு முதலில் நின்றது. அதற்குள்ளும் ஒரு வலி நூலகம். அதே பெயர், உள்ளே வெறுமை. முதலில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு எந்திரம் மேலே தேடவில்லை. அவள் வரிசையை மாற்றினாள். புதுச் சாளரம் திறந்தால் பழையபடி ஆனது. கம்பெனியின் தொடக்கக் கோப்பு ஒவ்வொரு தடவையும் தன் அடைவை முன்னால் தள்ளியது. அப்படித் தள்ளுகிற வரியை அழித்தாள். தொகுத்து ஏற்றினாள்.

சுடலையாண்டி வாயிலிருந்து பீடி விழுந்தது. பிறகு அவன் விழுந்தான். மூன்று வருஷமாக நொறுங்கிக் கிடந்த எலும்பு இப்போதுதான் பேசியது. மண்ணைக் கடித்தான், மூத்திரம் போய்விட்டது.

"ஏளா, எடுத்துரு."

"ஒடஞ்சி கெடக்குய்யா. இன்னைக்குக் கல்லத் தூக்குனா செத்துருவிய."

"செத்தாத் தெரியாதுல்லா. இது தெரியுதே."

சங்கு ஊதியது. வேலை கேட்டுக் குவாரி வாசலில் வெளியூர்க்காரர்கள் நின்றார்கள். அவள் அழித்த வரியைத் திரும்ப எழுதினாள், தொகுத்தாள், ஏற்றினாள். அவன் எழுந்து வாயைத் துடைத்துக்கொண்டு, கஞ்சித் தூக்குவாளி எங்கே என்று கேட்டான்.

பதினோரு பேரும் சட்டையை மாட்டிக்கொண்டார்கள்.

தன் முதுகுக்கென்று தொகுத்து வைத்திருந்த வலி நிரலைப் பேச்சிக்கனி கொஞ்ச நேரம் பார்த்தாள். அதையும் அழித்துவிட்டு, சும்மாட்டை எடுத்துக்கொண்டு கல் தூக்கப் போனாள்.