நாற்காலி கொட்டிய ‘ம்’

இனி வருவதில் ஒரு கொம்பு, ஒரு கால், ஒரு புள்ளிகூடக் கற்பனையில்லை என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்யத் தயார். யார் தலையில் என்பதைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

நாற்காலி ‘ம்’ என்றது.

அவள் பயப்படவில்லை. பயப்படவும் கொஞ்சம் தெம்பு வேண்டும். பிள்ளை பெற்ற உடம்பில் அது மிச்சமில்லை. திரை இழுத்துவிட்ட மத்தியான அறையில் பால் புளித்த வாடையும் காயாத துணியின் வாடையும் கலந்து கிடந்தன. பக்கத்து வீட்டுச் சலவை இயந்திரம் சுவருக்குள் யாரோ புரண்டு படுப்பதுபோல் குமுறிக்கொண்டிருந்தது. கீழே விட்டால் ஊரைக் கூட்டும் குழந்தை, தோளில் ஈர மூச்சு விட்டுக்கொண்டிருந்தான். எதிரே மெத்தை போட்ட மர நாற்காலி. அதில் யாரும் இல்லை.

புதுத் தாய்மாருக்கு மனத்தெம்பு கொடுக்க வீடு தேடி வரும் ஆலோசகர் அந்த நாற்காலியில்தான் உட்காருவார். இவள் அவரை மேடம் என்பாள். மேடம் புத்தி சொல்வதில்லை. ‘ம்’ கொட்டுவார், அவ்வளவுதான். அதற்கே இவளுக்கு அழுகை வந்துவிடும்.

“நெனச்சப்போ எல்லாம் என்னால வர முடியாதும்மா,” என்று போன முறை சொல்லியிருந்தார். “மனசு கனத்தா, நான் இதுல உக்காந்திருக்கேன்னு நெனச்சு வாய்விட்டுப் பேசுங்க. உள்ள வெச்சுக்காதீங்க. இங்க எறக்கி வெச்சிடுங்க.”

அதைத்தான் செய்தாள். “தோள்பட்டை அந்து விழுற மாதிரி வலிக்குது மேடம்,” என்றாள். அதற்குத்தான் அந்த ‘ம்’.

மறுநாள் காலை தோளில் வலி இல்லை. நாற்காலியின் முதுகு மட்டும் ஒரு பக்கமாகத் தொங்கியிருந்தது. அவள் புருஷன் திருப்புளி கொண்டுவந்து முறுக்கிப் பார்த்தான். அது நிமிரவில்லை.

“இதுகிட்டதான் பேசிட்டிருக்கியாமே?”

“ஆமா. நடுவுல போன் பாக்காம கேக்குது.”

“அப்ப நான் மரக்கட்டைங்கறே.”

“மரக்கட்டைதான் கேக்குதுங்கறேன்.”

அவன் சிரித்துவிட்டு வேலைக்குப் போனான். அவன் திரும்புகிற வரைக்கும் வீட்டில் அவளும் குழந்தையும்தான். அவள் மேடத்தைப் போனில் அழைத்தாள்.

“மேடம், நாற்காலி ‘ம்’ கொட்டுது.”

“நான் கொட்டினது உங்க காதுலயே தங்கிடுச்சும்மா. களைப்புதான். சொல்லுங்க, நிறுத்தாதீங்க.”

நிறுத்தவில்லை. அழுகைச் சத்தம் காதுக்குள்ளேயே குடியிருக்கிறது என்றாள். ‘ம்.’ அன்றைக்கே காது துப்புரவானது. யாரும் தொடாத நாற்காலி அவ்வப்போது பச்சைக் குழந்தை குரலில் முனகியது. தூக்கமே இல்லை என்றாள். ‘ம்.’ அன்றிரவு செத்தவள்போல் தூங்கினாள். விடிந்து பார்த்தால் நாற்காலி மெத்தையில் பள்ளம். தொட்டாள். சூடு. விழித்தே இருந்த உடம்பின் சூடு.

கையை எடுத்துக்கொண்டாள். இனி பேசக் கூடாது என்று நினைத்தாள். ஆனால் ருசி கண்ட பூனை உறியைச் சும்மா விடுமா?

ஒரு மத்தியானம் குழந்தை வீறிட்டு அழுதான். பால் கொடுத்தாள், துணி மாற்றினாள், தோளில் போட்டுச் சுவருக்குச் சுவர் நடந்தாள். அடங்கவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். வாய் தானாகவே பேசியது.

“முடியல மேடம். இவனை யாராச்சும் வாங்கிக்கிட்டா தேவலை.”

“ம்.”

இந்த முறை அது நீளமாக இருந்தது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பதற்கும் ‘ம்’தான். சரி, ஆகட்டும் என்பதற்கும் ‘ம்’தான்.

அழுகை நின்றிருந்தது. பக்கத்து வீட்டு இயந்திரமும் நின்றிருந்தது.

கைகள் லேசாக இருந்தன.

நாற்காலியில் குழந்தை. இன்னும் கழுத்து நிற்காத குழந்தை. நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். மெத்தையின் மேல் இல்லை. அதற்கும் மேலே. ஒரு மடியின் உயரத்தில். யாரோ காலாட்டுவதுபோல் ஏறினான். இறங்கினான். பின்தலையில் முடி அழுந்தியிருந்தது. உள்ளங்கை அகலத்துக்கு.

எழுந்தாள். கை நீட்டினாள்.

“குடுத்துடுங்க.”

குழந்தை ஏறினான். இறங்கினான்.

“மேடம். என் புள்ள. குடுத்துடுங்க.”

நாற்காலி, கண்ணுக்குத் தெரியாத இன்னொரு தலையையும் சேர்த்து ஆட்டுவதுபோல், இடமும் வலமும் அசைந்தது.

“ம்ஹும்.”

அந்த மத்தியானம் அறையில் வேறு யாரும் இல்லை. நடந்ததை அவள் இன்றுவரை யாரிடமும் சொன்னதும் இல்லை. சத்தியம் செய்ய வேண்டிய தலை என் உள்ளங்கையில்தான் இருக்கிறது.