முப்பத்திரண்டு நாள் எங்கிருந்து வந்தது?

"ஒரே மாசத்துல என் தம்பி ஐம்பத்தெட்டு நாள் வேலைக்கு வந்தானாம்! நான்தான் கணினியில ஏத்திவிட்டேனாம். அஞ்சு மணிக்குள்ள நிரூபிக்கலேன்னா எனக்கு வேலை இல்ல."

பஸ் டிப்போவின் வருகைப் பதிவு எழுத்தர் காகிதக் கட்டைப் பொத்தென்று மேசையில் போட்டாள். மூன்று நாளாக அதே பட்டியலை அச்செடுத்து அலுத்துவிட்டது. எதிரே இருந்தவர் தரவுத்தளக் கோளாறுகளைத் துப்பறிபவர். ஊரார் வைத்த பெயர் நிதானம். கூடவே திரியும் மைத்துனனுக்கு அவசரம்.

"பாஸ்வேர்டு திருட்டு மாமா, சந்தேகமே இல்ல!" என்றான் அவசரம்.

"வாயை மூடிட்டு வண்டியை எடுடா."

டிப்போ மேலாளர் கறாராக இருந்தார். "முப்பத்தொண்ணாம் தேதி ஞாயிறு. நானே வந்து வாசலுக்கு உள்பக்கம் நின்னேன். இவங்க தம்பி வரவே இல்ல."

"கார்டு தட்டி வருகை பதியாம அந்த வாசல்ல நுழைய முடியுமா?"

"ஈகூட நுழையாது. என் கணக்கையே பாருங்க, இருபத்தஞ்சு நாள். துளி தப்பில்ல."

"அதுக்கு முந்தின மாசம்?"

"புது முறை வந்த முதல் மாசம், முப்பதே நாள் உள்ள மாசம். யாருக்கும் தப்பு வரல," என்றாள் எழுத்தர் சலிப்புடன்.

நிதானம் திரையைப் பார்த்தார். ஒன்பது பேருக்குச் சரியாக முப்பத்திரண்டு நாள் கூடுதல். தரவுத்தளத்தில் அந்த ஒன்பது பேரின் பதிவு எண்களுக்கு முன்னால் மட்டும் கழித்தல் குறி.

"ஒருத்தரோட மாசம் இங்க ஒரே எண். முப்பத்திரண்டு விளக்கு வரிசைன்னு வெச்சுக்குங்க. வந்த நாளுக்கு விளக்கு எரியும். எரியறதை எண்ணிச் சொல்றது பிட் கவுண்ட். இந்த ப்ரோகிராமை எழுதின புண்ணியவான் முதல் விளக்கைச் சும்மா விட்டுட்டு ரெண்டாவதுல ஒண்ணாம் தேதியை வெச்சுட்டார். அதனால முப்பத்தொண்ணு கடைசி விளக்குல விழுந்துடுச்சு. அது மைனஸுக்கு ஒதுக்கின இடம்."

"எரிஞ்சா?"

"எண்ணே மைனஸ் ஆயிடும். பிட் கவுண்ட் எண்ணுறதுக்கு முன்னால வரிசையை அறுபத்துநாலா நீட்டும். மைனஸ்னா, நீட்டின முப்பத்திரண்டு விளக்கும் தானா எரியும்."

"தம்பி நிஜமா வந்த இருபத்தாறோட முப்பத்திரண்டு, ஐம்பத்தெட்டு!" அவசரம் குதித்தான்.

மேலாளர் முறைத்தார். "கதை விடாதீங்க. அப்படின்னா எனக்கும் ஏறியிருக்கணுமே?"

"ஏறியிருக்கணும் சார். முப்பத்தொண்ணாம் தேதி வந்திருந்தா."

மணி ஐந்துக்குப் பத்து நிமிடம் இருந்தது. எழுத்தர் இழுப்பறையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்து மேலாளர் முன் நகர்த்தினாள்.

"வராததுக்கு விளக்கம் எழுதிக் குடுத்துடுங்க சார். அஞ்சு மணிக்குள்ள."