உள்ளே இரண்டு பேர்

பழைய கட்டடத்தின் நிலவறைக்கு அவள் வந்து சேர்ந்தபோது காலை மணி பதினொன்று. வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. டார்ச்சோடு முன்னால் இறங்கினார் சாவிக்காரர். அந்த மருத்துவமனையில் அவர் பெயரை யாரும் கேட்டதில்லை. இடுப்பில் தொங்கும் சாவிக்கொத்துதான் அவருக்குப் பெயர். கடைசிப் படியில் அவர் நின்றுவிட்டார்.

"நீங்க போங்கம்மா. நான் இங்கயே நிக்கிறேன்."

"ஏன், உள்ள பாம்பு கீம்பு இருக்கா?"

"எலிகூட வராது. வந்தா நல்லா இருக்கும்."

ஜன்னல் இல்லாத அறை. ஒரு மேசை, சுவரோரம் ஒரு மர நாற்காலி. எக்ஸ்ரே பிலிம் கழுவும் மருந்தின் புளித்த வாடை. மேசைக்கடியில் ஒரு பழைய சர்வர். பதினெட்டு வருடத்துப் படங்கள், அறுபதாயிரத்துக்கும் மேல், அதற்குள்தான் கிடந்தன. எல்லாவற்றுக்கும் வெறும் எண்தான் பெயர். திங்கட்கிழமை புதுக் கட்டடம் திறப்பதற்குள் ஒவ்வொரு பெயரிலும் நோயாளியின் எண், தேதி, இடதா வலதா என்பது எல்லாம் சேர்ந்தாக வேண்டும். இதே மருத்துவமனையில் அறுவை சிகிச்சை டாக்டராக இருக்கும் அக்காதான் இந்த வேலையை வாங்கிக் கொடுத்திருந்தாள். "பேரைக் கெடுத்துடாதடீ" என்று சொல்லித்தான் கொடுத்தாள்.

அவள் கொண்டுவந்தது இரண்டே கருவிகள். யார் யாரோ எழுதி, மூல நிரலோடு உலகத்துக்கே இலவசமாகத் திறந்துவிட்டவை. ஒன்று, தூரத்தில் உட்கார்ந்தபடி இந்தக் கணினியில் தட்டச்சு செய்வதற்கு. கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, மவுஸுக்கு வேலையில்லை. மற்றது, ஒரு விதியைச் சொன்னால் ஆயிரம் கோப்புகளின் பெயரை ஒரே மூச்சில் மாற்றிவிடும். இரண்டையும் நிறுவிவிட்டு, கீபோர்டையும் மானிட்டரையும் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். சர்வரில் இப்போது மின்சார வயர் ஒன்று, நெட்வொர்க் வயர் ஒன்று, அவ்வளவுதான்.

சாவிக்காரர் கதவைப் பூட்டி, பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்த்தார்.

மூன்றாம் மாடியில் அவளுக்கு ஒரு சின்ன அறை ஒதுக்கியிருந்தார்கள். மடிக்கணினியைத் திறந்து, அங்கிருந்தே சர்வருக்குள் நுழைந்தாள். டாக்டர்களுக்கு உடனே தேவைப்படும் கடைசி ஆயிரம் படங்களில் தொடங்கினாள். விதி சரி, எந்த எண் யாருடையது, எந்தப் பக்கம் என்று மருத்துவமனை கொடுத்த பட்டியலும் சரி. பெயர்கள் மளமளவென்று மாறின. முடிந்ததும் ஒப்பிட்டுப் பார்த்தாள். ஒரே ஒரு வரி இடித்தது.

பட்டியலில் 60418 இடது. திரையில் 60418 வலது.

தன் கைப்பிழைதான் என்று நினைத்துத் திருத்தினாள். மறுபடி பார்த்தாள்.

வலது.

கணினிக்குள் இப்போது யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்கும் கட்டளையைத் தட்டினாள். இரண்டு வரிகள் வந்தன. முதல் வரி அவள். இரண்டாவது, சர்வரோடு நேரடியாகப் பொருத்திய கீபோர்டிலிருந்து நுழைந்த ஒருவர். அந்தக் கீபோர்டு அவள் காலடியில், பைக்குள் இருந்தது.

நுழைந்த தேதி, பதினொரு வருடத்துக்கு முந்தையது.

இந்த சர்வரை இன்று காலையில் அணைத்து மறுபடி உயிர் கொடுத்ததே அவள்தான்.

அந்த இணைப்பைத் துண்டித்தாள். போனது. மூச்சு விட்டாள். மூச்சு முடிவதற்குள் அது திரும்பி வந்துவிட்டது. பிறகு, அவள் விரல்கள் மடியில் கிடக்க, திரையில் எழுத்துகள் வரத் தொடங்கின. ஒவ்வொன்றாக. தட்டி, தப்பாகி, அழித்து, மறுபடி தட்டி.

படத்தைப் பாரு.

அவள் எழுந்த வேகத்தில் நாற்காலி சரிந்தது.

சாவிக்காரர் நிலவறைக் கதவைத் திறக்க மூன்று சாவி மாற்ற வேண்டியிருந்தது. உள்ளே புளித்த வாடை மூக்கைப் பிடுங்கியது. சர்வர் உறுமிக்கொண்டிருந்தது. காலையில் சுவரோரம் இருந்த நாற்காலி மேசைக்கு முன்னால் இருந்தது. அவள் அதன் பலகையில் கை வைத்தாள்.

சூடாக இருந்தது.

"படக்காரரு" என்றார் சாவிக்காரர், கடைசிப் படிக்கே திரும்பிப் போய் நின்று. "படத்துக்குப் பேரு எழுதுறது அவரு வேலை. பதினோரு வருஷம் முன்னாடி ஒரு நாள் பக்கத்த மாத்தி எழுதிட்டாரு. பாவம், வயசுப் பொண்ணு. நல்லா இருந்த கிட்னிய எடுத்துட்டாங்க. அன்னைலேர்ந்து அவரு வீட்டுக்கே போகல. பழைய படத்த எல்லாம் ஒண்ணொண்ணா எடுத்துச் சரி பாத்துட்டே இருந்தாரு. மூணாம் நாள் கதவத் தொறந்தா, உக்காந்தபடியே..."

 

அவள் மேலே வந்து 60418-ஐத் திறந்தாள். போன வாரம் எடுத்த படம். ஓரத்தில், எந்தப் பக்கம் என்று காட்டப் படம் எடுக்கும்போதே வைக்கும் ஈய எழுத்து, கண்ணாடியில் தெரிவதுபோல் திரும்பிக் கிடந்தது. பிலிமைத் திருப்பிப் போட்டு ஸ்கேன் செய்திருக்கிறார்கள். அதைப் பார்த்துத்தான் பட்டியலில் பக்கம் எழுதியிருக்கிறார்கள்.

அக்காவுக்கு போன் போட்டாள்.

"அக்கா, 60418-ங்கிற படம் யாரோடது?"

"நாளைக்குக் காலைல எனக்கு முதல் கேஸ். செத்துப்போன கிட்னிய எடுக்கணும். ஏன்?"

"எந்தப் பக்கம்?"

"இடது."

"எடுக்காதே. இன்னொரு தடவை படம் எடுத்துப் பாரு. எங்கயாவது வெளியில கூட்டிட்டுப் போயாவது எடு."

மறுநாள் பத்து மணிக்கு அக்கா கூப்பிட்டாள். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"வலதுதான்டீ. இடது நல்லா இருக்கு. எப்படிக் கண்டுபிடிச்ச?"

"படத்தைப் பார்த்தேன்" என்றாள். பொய்யும் இல்லை, உண்மையும் இல்லை.

அத்தோடு விட்டிருந்தால் தேவலை. வெள்ளிக்கிழமை மதியம், நிலவறைப் பக்கமே போகப் பிடிக்காமல், வீட்டில் சோபாவில் உட்கார்ந்து மீதிப் படங்களுக்கு விதியை ஓட்டினாள். கணவர் வேலைக்குப் போயிருந்தார், மகள் பள்ளியில். ஓட்டம் முடிந்தபோது இருநூற்றுப் பன்னிரண்டு வரிகள் பட்டியலோடு ஒத்துப்போகவில்லை. எல்லாவற்றிலும் பக்கம் மாறியிருந்தது. அதில் பலரைக் கத்தி எப்போதோ தொட்டுவிட்டது, தப்பான பக்கத்தில். அப்படிப் பதினோரு பேருக்கு எதிரே இருந்த டாக்டர் எண், அக்காவுடையது.

நெடுநேரம் யோசித்துவிட்டுத்தான் அக்காவை அழைத்தாள். எல்லாவற்றையும் சொன்னாள்.

"பதினோரு பேரா?"

"ஆமாக்கா."

"அவங்கள்ல பாதிப் பேர் இன்னும் எனக்கு வாழ்த்து அனுப்புறாங்கடீ."

"இப்ப நான் என்ன பண்ணட்டும்?"

 அக்கா சொன்னது காதில் விழுந்தும் விழாததுமாக இருந்தது.

"பட்டியல்ல இருந்தபடியே போட்டுடு. யாருக்கும் தெரிய வேண்டாம்."

ஒரே கட்டளைதான். கூடப் பிறந்தவள் கேட்டிருக்கிறாள். அவள் விரலே எழுதியது, அவள் விரலே விசையை அழுத்தியது. இருநூற்றுப் பன்னிரண்டு பெயர்களும் பழைய பொய்க்குத் திரும்பின.

திரையைப் பார்த்தபடி காத்திருந்தாள். மறுபடி மாறும் என்று எதிர்பார்த்தாள். மாறவே இல்லை. மாறியிருந்தால் தேவலாம் என்று தோன்றியது.

உள்ளே யார் இருக்கிறார்கள் என்று கேட்டாள்.

இரண்டு வரிகள்.

இரண்டாவது ஆள் இப்போது சர்வரின் கீபோர்டில் இல்லை. தூரத்திலிருந்து நுழைந்திருந்தார். எங்கிருந்து என்று காட்டும் இடத்தில் ஒரு முகவரி இருந்தது. முதல் வரியில் அவளுக்கு எதிரே இருந்த அதே முகவரி.

அவள் வீடு.

வீட்டில் இருந்த ஒரே கணினி அவள் மடியில் இருந்தது.

அடுத்த அறையில் யாரோ பேச்சைத் தொடங்கப்போவதுபோல் மெல்லத் தொண்டையைச் செருமினார்கள்.