கண்ணமங்கலத்துக்குப் பிறகு யாரும் இறங்கவில்லை

மழை சற்று விட்ட பிற்பகலில், தேங்கிய தண்ணீரைத் தள்ளிவிடத் துடைப்பத்தோடு கொல்லைக்கு வந்த ஹெப்சிபா, தகரக் கொட்டகைக்குள் நின்ற பஸ்ஸின் கண்ணாடிகளில் ஆவி படிந்திருப்பதைப் பார்த்தாள். வெளிப்பக்கம் அல்ல, உள்பக்கம். ஐப்பசி மழையில் ஆட்கள் நெருக்கியடித்து ஏறி, ஜன்னல்களையெல்லாம் மூடிவிட்டால் மூச்சுக்காற்றில் எப்படி மங்கிப்போகுமோ, அப்படி. ஒரே ஒரு கண்ணாடியில் மட்டும், யாரோ வெளியே பார்ப்பதற்காக உள்ளங்கையால் துடைத்ததுபோல ஒரு வட்டம் தெளிந்திருந்தது.

ஓடாத பஸ் அது. இஞ்சின் கழற்றப்பட்டு, சாக்கு போர்த்தி, கொட்டகை மூலையில் கிடந்தது. அவள் கணவர் கிளமெண்டைத் தவிர யாரும் அதில் ஏறுவதில்லை. அவரும் காலையிலேயே வேலூருக்குப் போய்விட்டார், பஸ் விஷயமாக யாரையோ பார்க்க.

கிளமெண்ட் பஸ் பணிமனையில் மெக்கானிக்காக இருந்தவர். ஆயுள் முடிந்தது என்று ஏலத்துக்கு வந்த இந்தப் பஸ்ஸைப் பழைய இரும்பு விலைக்கு எடுத்து வந்தார். பழைய வண்டியைக் காப்பாற்றுகிறவர் என்று ஒரு பத்திரிகைக்காரர் படம்கூட எடுத்துப் போனார். பாடு அதற்குப் பிறகுதான். பதிவு ரத்தான வண்டிக்கு மறுபடி நம்பர் கிடையாது என்றார்கள் ஓர் அலுவலகத்தில். பழமையான வண்டி என்ற சான்று காருக்கும் பைக்குக்கும்தான், பஸ்ஸுக்கு விதியே இல்லை என்றார்கள் இன்னோர் அலுவலகத்தில். பழைய கார் வைத்திருக்கும் பணக்காரர்களின் சங்கம், இத்தனை நீளத்தை எங்கே நிறுத்துவது என்று கேட்டுவிட்டு, அப்புறம் ஃபோனையே எடுக்கவில்லை. எலி ஒயரைத் தின்றது. டயர்கள் நின்ற இடத்திலேயே சப்பையாயின. ஜன்னல் ரப்பர் எந்த ஊரிலும் கிடைக்கவில்லை. கிடைத்த புது மாதிரியைப் போட அவர் சம்மதிக்கவில்லை. சீட்டு கிழிந்தால் ஊசி நூலால் தைத்தார். எதையும் மாற்றக் கூடாது, எல்லாம் அன்று இருந்தபடியே இருக்க வேண்டும் என்பார்.

அன்று என்றால் என்றைக்கு என்று பத்திரிகைக்காரர் கேட்கவில்லை.

அவர்களுடைய ஒரே மகள் சோபியா, பஸ் ஓடிக்கொண்டிருந்த காலத்தில் ஒரு மழை நாள், வேலூரில் காலேஜ் விட்டு வீட்டுக்கு வர இந்தப் பஸ்ஸில்தான் ஏறினாள். கூடப் படித்தவள் கண்ணமங்கலத்தில் இறங்கிக் கையசைத்தபோது ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். சொந்த ஊரான ஆரணியில் பஸ் நின்றபோது அவளுடைய பை மட்டும் சீட்டில் இருந்தது. கண்ணமங்கலத்துக்குப் பிறகு யாருமே இறங்கவில்லை என்று கண்டக்டர் தன் பிள்ளைகள் மேல் சத்தியம் செய்தார். போலீஸ் நம்பவில்லை. எவனோடோ ஓடிப்போயிருப்பாள் என்று ஊர் முடிவு செய்தது. சபையிலும் அதையே குரலைத் தணித்துப் பேசினார்கள். கிளமெண்ட் ஒருவர்தான் கண்டக்டரை நம்பினார்.

"அவ எறங்கல ஹெப்சி. பஸ்ஸ ஒடச்சிட்டா அவ எங்க இருப்பா?" என்றார் ஏலத்தன்று.

அதோடு அவர் மகளைத் தேடுவதை நிறுத்திவிட்டார். துருவைச் சுரண்டுவதிலும் எண்ணெய் போடுவதிலும் அவருக்கு நாள் போனது. ஹெப்சிபா தனியாகப் போலீஸ் ஸ்டேஷன் படியேறினாள், தனியாகவே திரும்பினாள். அந்தத் தகரத்தைத் தடவிக்கொடுத்த கை ஒரு நாளாவது தன் தோளைத் தொட்டிருந்தால், இன்று அவர் தலை மறைந்ததும் பழைய இரும்பு வியாபாரி ஜெயவேலுக்கு அவள் ஃபோன் செய்திருக்க மாட்டாள்.

அவள் அந்தக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தபோது ஜெயவேல் கேஸ் கட்டரோடு வந்தான். எங்கிருந்து வெட்ட ஆரம்பிக்கலாம் என்று பார்க்கப் பஸ்ஸுக்குள் ஏறியவன், ஏறிய வேகத்தில் இறங்கினான். அவன் முகத்தில் பயம் இல்லை. எரிச்சல்தான் இருந்தது.

"இன்னாக்கா, உள்ள இவ்ளோ ஜனம் ஒக்காந்துகினு கீது, சொல்லவேயில்ல. எல்லாரையும் எறக்கி வுட்டுட்டு கூப்புடுங்க."

அவள் வாய் திறப்பதற்குள் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான்.

ஹெப்சிபா வீட்டுக்குள் வந்து கொல்லைக் கதவைத் தாழிட்டாள். அடுத்த வீட்டு விசைத்தறிகள் ஓடிக்கொண்டிருந்தவரை, அந்த ஓயாத சடசடப்பு சுவர் வழியாக வந்து அவள் காதை நிறைத்துக்கொண்டிருந்தவரை, ஜெயவேல் குடித்திருப்பான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்ள முடிந்தது. பொழுது சாயும் நேரத்தில் கரண்ட் போனது. தறிகள் நின்றன. அந்த மௌனத்துக்கு அடியில், இத்தனை நேரமும் தறிச்சத்தம் மூடி வைத்திருந்ததுபோல, வேறொரு சத்தம் கேட்டது: தொண்டையைச் செருமும் சத்தம், வளையல் கம்பியில் உரசும் சத்தம், சிணுங்கும் குழந்தையை யாரோ தட்டிக்கொடுக்கும் சத்தம், பலபேர் ஒன்றாக விடும் கனத்த மூச்சு. கதவிடுக்கு வழியாக ஈரத் தலைமுடியும் வாடிய மல்லிகையும் டீசலும் கலந்த வாசனை வந்தது.

பிறகு, தெளிவாக, அந்தக் குரல்.

"அம்மா. எறங்க முடியலம்மா."

அவள் தாழ்ப்பாளைத் திறந்தது அவளுக்கே தெரியாது. சேற்றில் செருப்பு கழன்றது. கொட்டகைக்குள் இருட்டு. பஸ்ஸின் பின்வாசல் திறந்திருந்தது. படி ஈரமாக, வெதுவெதுப்பாக இருந்தது.

ஏறினாள்.

ஒவ்வொரு சீட்டிலும் ஆள். எல்லோரும் முன்பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். யாரும் திரும்பவில்லை. கையில் தட்டுப்பட்ட தோள்கள் எல்லாம் நனைந்திருந்தன. ஜன்னலோரம் ஒற்றைப் பின்னல். பக்கத்தில் ஓர் இடம் காலி.

உட்கார்ந்தாள். அந்தக் கையைப் பிடித்தாள். சில்லென்றிருந்தது. சோபியாவின் கைதான்.

பின்னால் கதவு சாத்திக்கொண்டது. இரண்டு விசில்.

சோபியா திரும்பாமலே, மெதுவாக, அழுகிற குரலில் சொன்னாள்.

"நீ ஏம்மா ஏறுன? நான் உன்ன கூப்புடலயே."

கொல்லையில் டார்ச் வெளிச்சம் அசைந்தது. கிளமெண்ட் வந்துவிட்டார். திறந்து கிடந்த கொல்லைக் கதவைப் பார்த்து, "ஹெப்சி" என்று வீட்டுப் பக்கமாகக் கூப்பிட்டார். ஹெப்சிபா கண்ணாடியை அறைந்தாள். சத்தம் வரவில்லை. கத்தினாள். அவள் மூச்சு கண்ணாடியில் ஆவியாகப் படிந்தது, அவ்வளவுதான்.

அப்போது பின் சீட்டிலிருந்து, அவளுடைய குரலிலேயே, யாரோ கூப்பிட்டார்கள்.

"இன்னாங்க. இங்க வாங்களேன், சோபியா இருக்கா."

கிளமெண்ட் திரும்பினார். இத்தனை வருடங்களில் அவள் பார்த்தேயிராத சந்தோஷம் அவர் முகத்தில் இருந்தது. பஸ்ஸின் கதவு தானாகத் திறந்தது. டார்ச் வெளிச்சம் முதல் படியில் விழுந்தது. இரண்டாவது படியில் விழுந்தது. சீட்டில் இருந்தவர்கள் எல்லோரும், ஒருவர் விடாமல், அவருக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தார்கள்.