கீழ்ப்படுக்கைப் பயணி

கப்பல் பினாங்குத் துறையை ஒட்டி நின்றபோது மழை ஓய்ந்திருந்தது. மேல்தளத்தில் பயணிகள் தொப்பியும் கேமராவுமாய், ஜார்ஜ் டவுனைச் சுற்றிப் பார்க்க வரிசையில் நின்றார்கள். கீழ்த்தளத்தில், சன்னல் இல்லாத ஓர் அறையில், ஞானாம்பிகை தன் அக்கா சற்குணத்தின் காலில் செருப்பை மாட்டப் பார்த்தாள். கால் வீங்கிக் கிடந்தது. செருப்பு ஏறவில்லை.

"விடு. வெறுங்காலோட வாறன்," என்றாள் சற்குணம். "எங்கட ஊருக்குத்தானே போறம்."

ஊர்தான். துறையிலிருந்து பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் வீடு. ஆனால் வீட்டில் இப்போது வேறு குடும்பம் இருந்தது. நான்கு மாதப் பயணம் என்பதால் அதை வாடகைக்கு விட்டுவிட்டு, இருவரும் சிங்கப்பூருக்குப் போய்க் கப்பலேறியிருந்தார்கள். ஹாங்காங் வரை போய்த் திரும்பி, பினாங்கில் ஒரு பகல் மட்டும் நின்று, பிறகு கொழும்பு, சூயஸ் வழியாக லண்டன் போகிற கப்பல் அது.

இந்தப் பயணத்துக்காகத்தான் ஞானாம்பிகை உயிரோடு இருந்தாள் என்று சொன்னாலும் தப்பில்லை. பீச் ஸ்ட்ரீட்டில் ஒரு கப்பல் ஏஜென்சியில் தட்டச்சுக்காரியாக இருந்து ஓய்வு பெற்றவள். யார் யாரோ போன ஊர்களின் பெயரையெல்லாம் அவள் விரல்தான் அடித்தது. பயணத்தில் என்னென்ன இடைஞ்சல் வரும் என்பது அவளுக்கு அத்துப்படி. குமட்டலுக்கு மாத்திரை, உடைந்தால் போட இன்னொரு மூக்குக்கண்ணாடி, பெட்டி தவறிப்போனால் கட்டிக்கொள்ளக் கைப்பையில் ஒரு மாற்றுச் சேலை. எல்லாவற்றுக்கும் ஒரு வழி வைத்திருந்தாள். அக்காவுக்குக் காய்ச்சல் வரும் என்பதை மட்டும் நினைக்கவில்லை.

ஹாங்காங் தாண்டியதும் வந்தது. கப்பல் டாக்டருக்குத் தெரிந்தால் அடுத்த துறையில் இறக்கிவிடுவார்கள். துணைக்கு வந்தவளும் இறங்க வேண்டும். பயணம் அத்தோடு முடிந்தது. எனவே ஞானாம்பிகை யாரிடமும் சொல்லவில்லை. அறையைப் பூட்டிக்கொண்டு சாப்பிடப் போனாள். கேட்டவர்களிடம் தலைசுற்றல் என்றாள். தண்ணீர் கேட்டுச் சற்குணம் சுவரைத் தட்டினாள். பக்கத்து அறைக்குக் கேட்டுவிடுமே என்று, ஞானாம்பிகை அந்தக் கையைப் போர்வைக்குள் செருகி இறுக்கி வைத்தாள்.

அறையைப் பெருக்க வந்த ஆள்தான் கடைசியில் பார்த்துவிட்டான். டாக்டர் வந்து நெஞ்சில் குழாயை வைத்துவிட்டு முகம் சுளித்தார். நிமோனியா, பினாங்கில் இறக்கியே ஆக வேண்டும் என்றார். கூடப் போவது யார் என்று கேட்டார்.

"அது எங்கள் ஊர். சொந்தக்காரர்கள் வந்து நிற்பார்கள். அவர்களிடம் ஒப்படைத்துவிட்டு நான் திரும்பிவிடுகிறேன்," என்று ஞானாம்பிகை ஆங்கிலத்தில், பிசிறில்லாமல் சொன்னாள்.

சொந்தக்காரர் என்று யாரும் இல்லை.

ஆஸ்பத்திரி வார்டு பழைய கட்டடத்தில் இருந்தது. உயரமான கூரையிலிருந்து நீளக் கம்பியில் தொங்கிய மின்விசிறிகள் அரைமனதாகச் சுற்றின. பாதிச் சுவர் வரை பச்சை வண்ணம். டெட்டால் வாசனையோடு, எங்கேயோ ஊறிக் கிடந்த துணியின் வாசனையும் வந்தது. சற்குணத்தை மூலைக் கட்டிலில் போட்டுக் கையில் ஊசியைக் குத்தினார்கள்.

"ஞானம்."

"என்ன அக்கா?"

"கப்பல் வெளிக்கிட்டுதோ?"

"இல்லை. பின்னேரம்தான்."

"நீ போகப் போறாய், என்ன?"

ஞானாம்பிகை குனிந்து, கட்டிலடியில் இருந்த பையைச் சரிசெய்தாள். "சாமான் எடுத்துக்கொண்டு வரப் போறன்."

"நானும் வாறன். என்னை விட்டிட்டுப் போகாதை."

பையில் சரிசெய்ய ஒன்றும் இல்லை. சோப்பை எடுத்து மேலே வைத்தாள். துண்டை மடித்தாள். பிரித்து மறுபடி மடித்தாள். அக்காவின் முகத்தைப் பார்க்காமல் இருக்க அது போதுமானதாக இருந்தது. மேலே கட்டிலில் கரகரவென்று ஓடிக்கொண்டிருந்த மூச்சு எப்போது நின்றது என்று அவள் கவனிக்கவில்லை. அந்த மூலை அமைதியாக இருந்தது. அக்கா தூங்கிவிட்டாள் என்று ஆறுதலாக இருந்தது. கட்டிலின் கால்மாட்டில் நின்று, தரையைப் பார்த்தபடி, எங்கே கிளம்பினாலும் சொல்கிற வார்த்தையைச் சொன்னாள்.

"அக்கா, நான் போயிட்டு வாறன்."

கைப்பையை எடுத்துக்கொண்டு நடந்தாள்.

வராந்தாவின் கடைசிக்கு வந்தபோது பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. ஜெயலெட்சுமி என்ற தாதி ஓடிவந்தாள்.

"அம்மா! நில்லுங்கம்மா. அவங்க போய்ட்டாங்க."

"எங்க?"

"எங்கவா? இறந்துட்டாங்கம்மா. ட்ரிப் பாக்க வந்தேன், மூச்சே இல்ல. நீங்க பக்கத்துல இருந்தப்பவே போயிருக்கணும். நீங்க தங்கச்சிதானே? டாக்டர் வராரு, கையெழுத்து போடணும். இருங்க லா."

இருந்தால் பிணத்தை எடுக்க வேண்டும், எரிக்க வேண்டும், சாம்பலைக் கரைக்க வேண்டும். மாலையில் கப்பல் போய்விடும்.

"தங்கச்சி இல்லை. ஒரே அறையில வந்தனாங்கள். அவ்வளவுதான்."

"அக்கான்னு கூப்பிட்டீங்களே?"

"நீங்களும்தான் என்னை அம்மா எண்டு கூப்பிட்டனீங்கள்."

தாதி ஞானாம்பிகையை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"சொந்தமோ இல்லையோ, பிணத்துக்கிட்டப் போய்ட்டு வரேன்னு சொல்லிட்டீங்க. சாவு வீட்டுல யாராச்சும் அப்படிச் சொல்லிட்டுக் கெளம்புவாங்களா? திரும்பி வந்து ஒரு தடவ முகத்தப் பாத்துட்டு, ஒண்ணும் சொல்லாமப் போங்க. கெஞ்சிக் கேக்குறேன்."

ஞானாம்பிகை படியிறங்கினாள்.

வாசலில் ட்ரைஷா என்ற சைக்கிள் வண்டி ஒன்று நின்றது. ஏறி உட்கார்ந்து துறைமுகம் என்றாள். சீனக் கிழவர் மிதிக்கத் தொடங்கினார். சமதளமான சாலைதான். ஆனாலும் மேட்டில் ஏறுவது போல அவருக்கு மூச்சு வாங்கியது. இரண்டு முறை நிறுத்தி நெற்றியைத் துடைத்துக்கொண்டார். துறை வாசலில் கைகொடுத்து ஞானாம்பிகையை இறக்கிவிட்டார்.

பிறகு மறுபக்கம் போய், யாருக்கோ கைநீட்டிக் காத்து நின்றார்.

அவள் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

கீழ்த்தளத்து நடைபாதையில், அவள் அறை வாசலில், ஒரு பெண் பெட்டிகளோடு நின்றிருந்தாள். காலியான படுக்கையைப் பினாங்கில் ஏறுகிறவருக்குக் கொடுத்துவிட்டார்கள் போலிருந்தது. பெயர் ஹபீபா பீவி என்றும் கொழும்பில் மகளுக்குப் பேறுகாலம் என்றும் கேட்காமலே சொன்னாள்.

"நீங்கதான் மேல்படுக்கையா? நல்லவேளை வந்தீங்க. எனக்குக் கீழ்ப்படுக்கைன்னு குடுத்தாங்க. வந்து பாத்தா அங்க ஒரு அம்மா படுத்திருக்காங்க."

"அங்க ஒருத்தரும் இல்லை."

"என்னா இல்ல? தண்ணி கேட்டாங்க, நான்தான் ஊத்திக் குடுத்தேன். பாவம், மடக்கு மடக்குன்னு அவ்வளவும் குடிச்சாங்க. கப்பல் கெளம்பிருச்சான்னு கேட்டாங்க. தங்கச்சி வருவா, கதவச் சாத்தாதீங்கன்னாங்க." ஹபீபா பீவி அவளை உற்றுப் பார்த்தாள். "உங்க அக்காவா? முகச்சாடை அப்படியே இருக்கு."

"இல்லை," என்றாள் ஞானாம்பிகை. அது தானாக வந்தது.

"என்னமோ போங்க. சீக்காளியோட ஒரே ரூம்ல எனக்கு ஆகாது. மக பிள்ளைத்தாச்சி. ஆபீஸ்ல சொல்லி வேற ரூம் வாங்கிக்கிறேன்."

பெட்டிகள் உருண்டு போகிற சத்தம் தேயும்வரை ஞானாம்பிகை காத்திருந்தாள். பிறகு உள்ளே எட்டிப் பார்த்தாள்.

கீழ்ப்படுக்கையில் யாரும் இல்லை. சலவை விரிப்பு சுருக்கமின்றி இருந்தது. தலைமாட்டில் காலி டம்ளர். தலையணைக்குச் சற்றுக் கீழே, நெஞ்சு இருக்க வேண்டிய இடத்தில், விரிப்பு நனைந்திருந்தது. ஈரம் மெல்ல அகலமாகிக்கொண்டிருந்தது.

குடித்த தண்ணீர்.

டெட்டால் வாசனை மூக்கில் ஏறியது.

அவள் ஓடினாள். படிகளில் தடுக்கி, முழங்கால் சிராய்த்து, மேல்தளத்துக்கு வந்தாள். இறங்கிவிட வேண்டும். வார்டுக்குப் போய் அக்காவின் காலைப் பிடித்துக்கொண்டு, இது என் அக்காதான் என்று சொல்லிவிட வேண்டும். ஆனால் ஏணியைத் தூக்கியிருந்தார்கள். கப்பலுக்கும் கரைக்கும் நடுவே பழுப்புத் தண்ணீர் விரிந்துகொண்டிருந்தது. சங்கு ஊதியது. அக்கம்பக்கத்தில் எல்லோரும் கைதட்டினார்கள்.

ஆபீசில் வேறு அறை கேட்டாள். கடைசியாக இருந்ததை இப்போதுதான் ஓர் அம்மாவுக்குக் கொடுத்தோம் என்றார்கள். அந்தக் கதவைத் தேடிப் போய்த் தட்டினாள்.

"ஒரு மூலையில இருந்துகொள்ளுறன். நிலத்திலயே படுக்கிறன். தயவுசெய்து."

"ஏன், உங்களுக்கு என்னா கேடு?" ஹபீபா பீவி கதவைப் பாதிக்குமேல் திறக்கவில்லை. "அந்த அம்மாவத் தனியா போட்டுட்டு இங்க வந்து படுப்பீங்களா? தண்ணிக்குக்கூட ஆள் இல்லாமக் கெடந்து சாவட்டும்னா? கல்நெஞ்சு லா உங்களுக்கு. போங்க, போய்ப் பக்கத்துல இருங்க."

கதவு சாத்திக்கொண்டது.

பினாங்குத் தீவு கண்ணிலிருந்து மறையும் முன்பே வானம் கறுத்தது. சுமத்ரா பக்கமிருந்து காற்று கிளம்பி வந்தது; மழை தளத்தைச் சாட்டையாக அடித்தது. பயணிகள் எல்லோரும் அவரவர் அறைக்குப் போய்விட வேண்டும் என்று ஒலிபெருக்கி சொன்னது. ஊழியர்கள் தளத்துக் கதவுகளைப் பூட்டினார்கள். தூணைக் கட்டிக்கொண்டு நின்றவளை ஒருவன் பொறுமையாக விரல் விரலாகப் பிரித்தெடுத்தான். பயப்படாதீர்கள், கீழே போனால் ஆட்டம் குறைவு என்றான். தோளைத் தாங்கிக் கொண்டுவந்து, அறைக்குள் விட்டு, வெளியிலிருந்து கதவை இழுத்துச் சாத்தினான்.

விளக்கு மங்கலாக எரிந்தது. கீழ்ப்படுக்கையின் திரை இப்போது மூடியிருந்தது.

அவள் கதவில் முதுகை ஒட்டிக்கொண்டாள்.

"அக்கா," என்றாள், மிக மெதுவாக. முதல் தடவையாக அவளுக்கு அழுகை வந்தது. "நான் வரத்தான் இருந்தனான்."

கப்பல் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. டம்ளர் தரையில் உருண்டு, செருப்புகளைத் தள்ளிக்கொண்டு, சுவர்வரை ஓடியது. கொக்கியில் தொங்கிய துண்டு சுவரைவிட்டு விலகி அந்தரத்தில் நின்றது. மேல்படுக்கையின் திரை வளையங்கள் கிலுகிலுக்க ஒரு கோடிக்கு வழுக்கிப் போனது.

கீழ்ப்படுக்கையின் திரை மட்டும் ஆடவில்லை.

உள்ளேயிருந்து யாரோ கொத்தாகப் பிடித்திருப்பது போல, அதன் ஓரம் கசங்கியிருந்தது.