நாலாவது திருகு

வியாகுலத்தின் மார்பில் இருந்த வில்லை அறுபத்திரண்டு என்று பச்சையில் மின்னிக்கொண்டிருந்தது. அறுபதுக்குக் கீழே இறங்கினால் எண் சிவப்பாகிவிடும். சிவப்பானவன் கடலுக்குள் நிற்கும் காற்றாலையில் ஏறக் கூடாது. கரையில் உட்கார்ந்து கயிறு சுற்ற வேண்டியதுதான்.

நம்பிக்கைமானி வந்து ஏழு மாதம் ஆகிறது. மணிக்கட்டில் ஒரு பட்டை, மூக்குக்கண்ணாடியில் ஒரு பொட்டு. கூட்டாளி பக்கத்தில் இருக்கும்போது நாடி எப்படித் துடிக்கிறது, கண் எதன்மேல் நிற்கிறது, கை எதைத் தொட்டுச் சோதிக்கிறது என்று பார்த்து, அவரை நீங்கள் நூற்றுக்கு எவ்வளவு நம்புகிறீர்கள் என்று மார்பு வில்லையில் ஊரறியச் சொல்லிவிடும். ஒருவரை ஒருவர் நம்பாத குழுவில்தான் விபத்து நடக்கும் என்பது நிறுவனத்தின் கட்சி. அதில் தப்பில்லை. ஆனால் நம்பிக்கையைப் பட்டை கட்டி அளக்கப் புறப்பட்டார்களே, அங்கேதான் கூத்து ஆரம்பித்தது.

"இன்னைக்கு மட்டும் கைய வச்சிக்கிட்டு சும்மா இருங்க அண்ணாச்சி," என்றான் மேற்பார்வையாளன் பெவின். படகு தூத்துக்குடிக் கரையைவிட்டு வெகுதூரம் வந்திருந்தது. "இசக்கிக்கு உங்க மேல தொண்ணூத்தொம்போது. உங்களுக்கு அந்தப் பிள்ள மேல அறுவத்திரெண்டு. அப்படி என்ன சந்தேகம்?"

"சந்தேகமெல்லாம் ஒண்ணும் இல்ல தம்பி. பழக்கம்."

"மெஷினுக்கு அது தெரியாதுல்லா?"

எதிரே உட்கார்ந்திருந்த கூட்டாளி இசக்கியம்மாள் சிரித்தாள். "விடுங்க சார். அண்ணாச்சி இன்னைக்கு என்னையத் தொடவே மாட்டாரு."

அந்தப் பழக்கத்தைச் சொல்ல வேண்டும். இறக்கையைப் பழுதுபார்க்கிறவர்கள் உச்சியிலிருந்து கயிற்றில் இறங்குவார்கள். கயிறு முழுவதும் வந்து சேர்வது இடுப்புக் கொக்கி ஒன்றில். அதன் வாயை மூடும் பூட்டு இறுக நாலு திருகு, அதாவது நாலு சுற்று. மூன்றை இறங்குகிறவர் போடுவார். நாலாவதைக் கூட்டாளி போடுவார். யார் விதித்ததோ தெரியாது. கூட்டாளியின் விரல் கட்டாயம் ஒருமுறை பூட்டின்மேல் பட வேண்டும், அவ்வளவுதான். நம்பிக்கைமானி வந்த பிறகு, அப்படித் தொடுகிறவரின் எண்தான் முதலில் இறங்கியது. சோதிக்கிறாயே, அப்படியானால் நம்பவில்லை என்று அர்த்தம். மற்றவர்கள் எல்லாரும் ஒரே மாதத்தில் கையை விட்டுவிட்டார்கள். வியாகுலத்தால் மட்டும் முடியவில்லை.

பத்தொன்பது வருடமாக ஏறுகிறவர். கரையில் உட்கார்ந்து கயிறு சுற்ற அவர் தயாராக இல்லை. இன்று தொடக் கூடாது என்று மனத்துக்குள் சத்தியம் செய்துகொண்டார்.

உச்சியில் காற்று ஆளைத் தள்ளியது. நூற்றுப்பத்து மீட்டர் கீழே கடல். இசக்கி விளிம்பில் உட்கார்ந்து கொக்கியை மாட்டினாள். வியாகுலம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனாலும் ஓரக்கண் கேட்குமா?

ஒன்று. இரண்டு. மூன்று.

அவள் கை நின்றது. பூட்டைவிட்டு விலகி, யாருக்கோ இடம் கொடுப்பதுபோல் ஒரு கணம் காத்திருந்தது. பிறகு கயிற்றைப் பிடித்தது. அவள் உடம்பு விளிம்பைத் தாண்டிச் சாயத் தொடங்கியது.

"ஏட்டி, நில்லு!"

தோள்பட்டையை இழுத்துப் பிடித்தார். வில்லை கீச்சிட்டது. அறுபது. ஐம்பத்தேழு. கைக்குக் கொக்கி அகப்பட்டது. விரல் பட்டதும் அதன் வாய் தானாகத் திறந்துகொண்டது. ஐம்பது. நாற்பத்துநாலு. அவர் நாலாவது திருகைப் போட்டு முடித்தபோது முப்பத்தெட்டில் சிவப்பாக நின்றது.

இசக்கியின் முகத்தில் ரத்தமே இல்லை. "மூணு போட்டேன் அண்ணாச்சி... நாலாவது என்னைக்கும் நீங்கதான..."

"நான்தான். தப்பு என் பேர்லதான்."

அவள் சட்டென்று பக்கத்துக் காற்றாலையைப் பார்த்தாள். அங்கே இரண்டு பேர் தொங்கிக்கொண்டிருந்தார்கள். காலையில் படகில் பார்த்தபோது இரண்டு பேர் மார்பிலும் தொண்ணூற்றெட்டு. "அவங்களுக்கு நாலாவது யாரு போடுதா?"

வியாகுலம் படகிலிருந்த பெவினைக் கூப்பிட்டுச் சொன்னார். பெவின் கம்பியில்லாக் கருவியில் கத்தி எல்லாரையும் கீழே இறக்கினான். மற்ற பதினைந்து கொக்கிகளையும் திறக்குமுன் படகில் வரிசையாக வைத்துப் பார்த்தார்கள். பதினைந்திலும் மூன்று திருகுதான். ஆறு மாதமாக அத்தனை பேரும் வெறும் அதிர்ஷ்டத்தில் தொங்கியிருக்கிறார்கள்.

என்ன நடந்தும் சிவப்பு சிவப்புதான். "தலைமையகத்துக்கு எல்லாத்தையும் எழுதி அனுப்பிட்டேன். கேக்க மாட்டேங்காவ அண்ணாச்சி," என்றான் பெவின், முகத்தைப் பார்க்காமல். வியாகுலம் கரை வேலைக்கு வந்தார்.

மறுநாள் காலை, படகேறுமுன் இசக்கி அவர் முன்னால் வந்து கையைத் தூக்கிக்கொண்டு நின்றாள். மேலே போய் மாட்ட வேண்டிய கொக்கியைக் கயிற்றோடு கரையிலேயே மாட்டியிருந்தாள்; மேலே மறுமுனையைக் கட்டினால் போதும். "நாலாவதப் போடுங்க." அவளுக்குப் பின்னால் பதினைந்து பேர். கரையில் வியாகுலம் சோதித்தால் மேலே போகிற யாருடைய எண்ணும் குறையாது. ஏற்கெனவே சிவப்பான அவருக்கு இனி இழக்க ஒன்றும் இல்லை.

இரண்டு மாதம் கழித்துத் தலைமையகத்திலிருந்து அறிக்கை வந்தது. அன்று பெவினும் மேலே போக வேண்டியிருந்தது. வரிசையில் நின்று, இடுப்பை வியாகுலத்திடம் கொடுத்துவிட்டு, வாய்விட்டுப் படித்தான்.

"ஐயப்படும் பணியாளர் ஒருவரை அகற்றியதும் இக்குழுவின் நம்பிக்கை தொண்ணூற்றொன்பதைத் தொட்டது. விபத்து எதுவும் இல்லை. எனவே மற்ற பதினோரு தளங்களிலும் இத்தகையோரைக் கண்டறிந்து உடனே பணியிலிருந்து விலக்கவும்."

வியாகுலத்தின் விரல் பூட்டின்மேல் நின்றது. "விலக்கவும்னா? கரையிலயாவது வைப்பாவளா?"

"இல்ல அண்ணாச்சி. வீட்டுக்கு."

இசக்கி தலையைக் குனிந்துகொண்டாள். பெயர் தெரியாத பதினோரு கடல்களில் எத்தனை கைகள் மூன்றோடு நின்று யாருக்கோ காத்திருக்கும் என்று வியாகுலம் எண்ணிப் பார்த்தார். கை நடுங்கியது. நடுக்கத்தோடே பெவினின் நாலாவது திருகைப் போட்டார்.

பட்டை அந்த நடுக்கத்தையும் குறித்துக்கொண்டு, சிவப்பு எண்ணை இன்னும் இரண்டு குறைத்தது.