கடைசிச் சுற்று மணி

"நில்லுங்க! ரோடு மூடியாச்சு!"

மூக்குக்கு நேரே சிவப்புக் கொடி படபடத்தது. அவள் பிரேக்கைப் பிடித்தாள். சைக்கிள் மழை ஈரத்தில் வழுக்கிப் போய், கொடி பிடித்தவனின் முழங்காலில் இடித்து நின்றது.

"அறிவிருக்கா சார்? வளைவு முடியுற இடத்துலயா நிப்பாங்க? வர்றவன் நேரா உங்க மேலதான் ஏறுவான்!"

"பயிற்சிங்க. சொல்லிக் கொடுக்கிறவங்க இன்னும் வரல. வந்ததும் கேட்டுச் சொல்றேன்."

"நான்தான் அது!"

அவன் கண்கள் விரிந்தன... இமைகளில் மழைத்துளி. அடச்சே, இதையெல்லாம் யார் கவனிக்கச் சொன்னது?

சைக்கிள் சங்கத்தில் அவளை எல்லோரும் 'விசில்' என்றுதான் கூப்பிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் பந்தயத்துக்குத் தொண்டர்களைப் பழக்கும் வேலையை, அதை நடத்தும் அண்ணன் அவள் தலையில் கட்டியிருந்தான். ஒவ்வொரு வளைவிலும் பயிற்சி பெற்ற ஓர் ஆள் நிற்க வேண்டும். ஒரு வளைவு காலியாக இருந்தாலும் இன்ஸ்பெக்டர் அனுமதியை ரத்து செய்துவிடுவார். அப்புறம் இந்தச் சாலையில் பந்தயமே கிடையாது.

வந்து சேர்ந்த தொண்டர்களோ... ஒருவர் கொடியால் கொசு விரட்டினார். ஓர் அம்மா, சைக்கிளில் பறந்து வந்த பையனிடம், "மெதுவாப் போப்பா, என்ன அவசரம்?" என்றார்.

"கொடி பிடிச்சா எதைப் பார்க்கணும்?"

"ரோட்டை!" என்றார்கள் எல்லோரும். முழங்கால் இடிபட்டவன், அதாவது பல் டாக்டர், அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"டாக்டர், நான் என்ன ரோடா?"

"இல்லீங்க. ரோடு இவ்வளவு கத்தாது."

மறுநாள் ஒத்திகைப் பந்தயம். கொடி வேண்டாம், மணி போதும் இந்த ஆளுக்கு என்று முடிவு செய்தாள்.

"முதல்ல வர்றவர் கடைசிச் சுற்றுக்குள்ள நுழையும்போது மட்டும் அடிக்கணும். வேற யாருக்கும் கிடையாது. புரியுதா?"

"பல்லு பிடுங்குறவனுக்கு மணி அடிக்கத் தெரியாதா?"

தெரியவில்லை. ஒரு முழுச் சுற்று பின்தங்கி, நாக்குத் தள்ள மிதித்து வந்த பாங்க் காசாளருக்கு மணியை அடித்தான். பின்னாலேயே வந்த முன்னணிக் கூட்டம் தங்களுக்குத்தான் கடைசிச் சுற்று என்று நினைத்து உயிரைக் கொடுத்து மிதித்தது. ஒருவன் கோட்டைத் தாண்டி இரண்டு கைகளையும் தூக்கினான்... இன்னும் ஒரு சுற்று பாக்கி!

"அந்தப் பல்லை முதல்ல பிடுங்கி எறி," என்றான் அண்ணன்.

அவள் எல்லோர் முன்னாலும் பொரிந்து தள்ளினாள். அவன் ஒரு சாக்குக்கூடச் சொல்லவில்லை. தொண்டர்களுக்கான ஆரஞ்சு அங்கியைக் கழற்றி, மடித்து, அவள் கையில் கொடுத்துவிட்டுப் போனான்.

திருப்பித் திட்டியிருக்கலாம்ல... இப்படியா மடிச்சுக் கொடுப்பாங்க? இரவெல்லாம் எரிச்சல்.

ஞாயிறு காலை. அடைமழை.

"பேக்கரி வளைவு ஆளுக்குக் காய்ச்சலாம்!" அண்ணன் தலையில் கை வைத்தான். "இன்ஸ்பெக்டர் கிளம்பிட்டார். வேற பழகின ஆள் இல்ல. வீம்பு பார்க்காம உன் டாக்டரைக் கூப்பிடு."

"என் டாக்டரா?"

முறைத்துக்கொண்டே போன் போட்டாள். "எங்க இருக்கீங்க?"

"பேக்கரி வளைவுல."

மிதித்துக்கொண்டு போனாள். வளைவுக்கு முன்னால், தூரத்திலிருந்தே தெரிகிற, ஒதுங்க இடமுள்ள சரியான இடம். அவள் சொல்லிக் கொடுத்த அதே இடம். அங்கே தொப்பலாக நனைந்து நின்றான். கொடிக்குப் பதிலாக அவன் நீட்டிய, மடக்கிய சிவப்புக் குடைக்கு முன்னால் ஒரு பால் வண்டி உறுமிக்கொண்டிருந்தது.

"வேடிக்கை பார்க்க வந்தேன். இங்க ஆளையே காணோம். டிரைவர் திட்டுற திட்டைக் கேட்டா... நீங்க தேவலை."

அவள் அங்கியை நீட்டினாள். "நேத்து மணியை ஏன் அப்படி அடிச்சீங்க? அந்தக் காசாளரைப் பாவம் பார்த்தா?"

"பாவமா? யார் வந்தாங்கன்னே நான் பார்க்கல." அவன் குனிந்துகொண்டான். "நீங்க எதிர்ல நனைஞ்சுக்கிட்டு, விசிலைக் கடிச்சுக்கிட்டு நின்னீங்க... ரோட்டைப் பார்க்க முடியல. இதை எப்படிங்க எல்லார் முன்னாடியும் சொல்றது?"

தூரத்தில் அண்ணனின் மைக் கூப்பிட்டது.

அவள் சைக்கிளைத் திருப்பினாள்.

"டாக்டர், பந்தயம் முடியுற வரைக்கும் உங்க கண்ணுக்குத் தெரியாத இடத்துல நிக்கப் போறேன். எனக்கு இந்த வளைவு முக்கியம்."

"முடிஞ்சப்புறம்?"

"அப்புறம்..." விசிலை உதட்டில் வைத்துச் சிரிப்பை மறைத்தாள். "எதிர்லயே நிக்கிறேன். இப்போ ரோட்டைப் பாருங்க!"